கூண்டு சொன்ன நியாயம்

ஒரு தீவில் மரக்கன்று ஒன்றுக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். கூடப் பிறந்த கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தது ஆடு. கம்பிக் கூண்டுக்குள் அடைபட்டதோ மிஞ்சிய இந்த ஒரே கன்று. உலகத்தில் வேறெங்கும் முளைக்காத மரமாம், பத்திரமாக வளர்க்க வேண்டுமாம். ஆடு மட்டும் வழக்கம்போல ஊர் சுற்றியது.

மழை விழுந்ததும் கன்று கிடுகிடுவென வளர்ந்தது. ஒரு தளிர் கம்பி இடுக்கு வழியாக வெயிலை எட்டிப் பார்த்தது.

“தங்கச்சி, உள்ளே வா! நாலு பேர் போய்வர்ற இடம்,” என்று அதட்டியது கூண்டு.

“உள்ளே இடமே இல்லையே அண்ணே. முதுகு வளையுது. இப்படியே போனா நான் மரமாகவே மாட்டேன்.”

“வளைஞ்சா என்ன? அடக்கமா இருக்கும். உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!”

அந்நேரம் ஆடு ஏப்பம் விட்டபடி வந்தது. வெளியே நீட்டியிருந்த தளிரைக் கடித்துத் தின்றுவிட்டு, “இது ஏன் வெளியே வந்துச்சு?” என்று கேட்டது.

“அதானே!” என்றது கூண்டு.

கன்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் அண்ணே, மேயுறது அது, அடைபடுறது நானா? என்னைச் சுத்தி இவ்வளவு கம்பி கட்டினதுக்கு, அது கழுத்துல ஒரு துண்டுக் கயிறு கட்டியிருந்தா போதாதா?”

கூண்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டைப் பரிவோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னது:

“கயிறா? ஐயோ பாவம், அதுக்குக் கழுத்து வலிக்காதா?”