இரண்டு தட்டு

மூன்றாவது தடவையும் குளியலறைக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து பதில் வரவில்லை.

தொண்டைப் புற்றுநோய்க்காக அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகு வீட்டில் வந்த ஏற்பாடு இது. நாங்கள் இரண்டு தட்டு தட்டுவோம். நல்லாத்தான் இருக்கேன் என்று அவரும் இரண்டு தட்டு தட்டுவார்.

"அப்பா, விளையாடாதீங்கப்பா! கதவத் திறங்க!"

தண்ணீர் விழும் சத்தம்கூட இல்லை. அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

எனக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் நடந்தது ஞாபகம் வந்தது. கதவை இன்னும் பலமாகத் தட்டினேன்.

அப்பா பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவரையும் எழுப்பிவிடும் குரல். இப்போது உதடு மட்டும்தான் அசையும். அதைப் படிக்க என்னால்தான் முடியும். அம்மாவிடம் தண்ணீர் கேட்டால் தலையணை வரும். அப்பா சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

போன மாதம் வரைக்கும் சிரித்தார்.

காலையில் கிளம்பும்போது, எழுதிக் காட்டுகிற நோட்டை எடுத்தார். நான்தான் பிடுங்கி அலமாரியில் போட்டேன். நான் இருக்கேன்ல, அது எதுக்கு என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் கேட்டார். "மனசு எப்படி இருக்கு சார்? மறைக்காமச் சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். மெதுவாக. நான் பேசாமல் நிற்கவும், இன்னொரு தடவை.

பெஞ்சு முழுக்க ஆட்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மானம் போகிற மாதிரி இருந்தது.

"ராத்திரி சரியாத் தூக்கம் வரலையாம்" என்றேன்.

நர்ஸ் எழுதிக்கொண்டார்.

குளியலறைக் கதவில் உள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

அப்பா வெளியே வந்தார். குளித்திருக்கவில்லை. என் தலையைத் தொட்டுவிட்டுப் போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடுராத்திரி. அம்மா வந்து தூங்கியாயிற்று. அப்பா இன்னும் அப்படியேதான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. நானும்தான்.

'உயிரோட இருக்கப் பிடிக்கல.' காலையில் அவர் சொன்னது இதுதான்.

அம்மாவை எழுப்பப் போகிறேன். நான் மாற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். விடிந்ததும் அந்த நர்ஸிடமும் சொல்வேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் சொன்னதும் நர்ஸ் அவரைப் பார்த்து, அவ்வளவுதானா சார் என்று கேட்டார்.

அவர் ஏன் ஆமாம் என்று தலையாட்டினார்?