உஷ் அக்கா

குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் அந்த மனிதர் போனில் இரைந்துகொண்டிருந்தார்.

மாத்திரை போட்டாயிற்றாம். வெள்ளை இல்லையாம், மஞ்சள்தானாம். எத்தனை தரம் சொல்வது என்று எதிர்முனையிடம் எரிந்து விழுந்தார். தாழ்வாரத்துக்கே அவருடைய சர்க்கரை அளவு மனப்பாடமாகிவிட்டது.

வாசலில் நின்ற பணியாளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. போன் பேசுகிறவர்களை அடக்கிக்கொண்டே இருப்பதால் வக்கீல்கள் அவளுக்கு வைத்த பெயர் உஷ் அக்கா. ஒரு வாயை மூடினால் இன்னொரு வாய் திறக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற பிழைப்பு.

நீதிபதி நேற்றுதான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இனி ஒரு தடவை போன் சத்தம் கதவைத் தாண்டி உள்ளே வந்தால், அவளைக் கீழே பழைய கோப்புகள் அடைத்த அறைக்கு மாற்றிவிடுவாராம். அங்கே தூசி. அவளுக்கோ இழுப்பு.

அருகில் போய்க் கையை நீட்டினாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

போனைப் பிடுங்கினாள். பேச்சைத் துண்டித்து, பறித்த போன்களைப் போட்டுவைக்கும் கூடையில் போட்டாள்.

"ஒரு நிமிஷம் பொறுத்தா உங்க கோர்ட்டு இடிஞ்சு விழுந்துடுமாம்மா?"

அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பதில் சொல்லவும் தொண்டை வேண்டுமே.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தாழ்வாரத்தின் மறுகோடியில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்குரல் கிளம்பியது. ஹலோ, ஹலோ என்று அதே சுருதி. கூடையோடு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். விவாகரத்துக்கு வருகிற புருஷன் பெண்டாட்டியை ஆளுக்கொரு கோடியில் உட்காரவைப்பது இங்கே வழக்கம். பக்கத்தில் விட்டால் அடிதடி.

அந்த அம்மாள் போனை உதறிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நியாயம் கேட்டார்.

"பேசிட்டே இருக்கும்போது பட்டுன்னு வச்சிட்டாரு. திமிரப் பாத்தீங்களா?"

சொல்லிக்கொண்டே மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

உஷ் அக்காவின் கையில் கூடை அதிர்ந்தது.

குனிந்து பார்த்தாள். அந்த மனிதருடைய போன். திரையில் 'வீடு' என்று இருந்தது.

அம்மாளும் கூடையைப் பார்த்தார். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழைப்பை மட்டும் நிறுத்தவில்லை.

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்ததுதான் தாமதம், வெள்ளையும் மஞ்சளும் மறுபடி தொடங்கிவிட்டன.

உள்ளே நீதிபதியின் அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். யாருடைய போன் அது என்று நீதிபதி கேட்டார்.

"என்னோடதுதாங்க ஐயா" என்றாள்.