லைட்டுக்கடைக்காரர் வீட்டில் ஓர் அறை

“இந்த ரூமுக்கு லைட்டே வேண்டாம். அலமாரி மட்டும் அடிச்சுக் குடுங்க, போதும்” என்றாள் மனைவி.

தச்சர் கையிலிருந்த சுத்தியலை இறக்கிவிட்டு லைட்டுக்கடைக்காரரைப் பார்த்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு விளக்கு விற்ற மனுஷன். அவர் வீட்டிலேயே ஓர் அறைக்கு விளக்கு வேண்டாமாம். தச்சர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“பழைய ட்யூப் லைட்டாவது இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் லைட்டுக்கடைக்காரர்.

“அதையும் கழட்டிடுங்க. அந்த இடத்துல நூல் மாட்ட வரிசையா ஆணி அடிக்கணும்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் கொஞ்ச காலமாக அவர் மனசும் இருந்தது.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. “கடையையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே” என்று முன்பெல்லாம் சண்டையாவது போடுவாள். இப்போது அதுவும் இல்லை. ராட்டை வாங்கினாள், மேஜைமேல் வைக்கிற சின்னத் தறி வாங்கினாள், மகனுடைய அறையைக் காலிசெய்து அதில் நுழைந்துகொண்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். “அப்புறம் பேசலாம்” என்று எழுந்து போனார். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை.

தச்சர் போன பிறகு வாசலில் நின்று அறையைப் பார்த்தார். அலமாரித் தட்டுகளில் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு நூலின் நுனியில் ஒரு முடிச்சு, பச்சையில் இரண்டு, மஞ்சளில் மூன்று.

“இது என்ன முடிச்சு?”

“எனக்கு வேண்டியிருக்கு.”

அதற்குமேல் கேட்டால் தன் அறியாமைதான் வெளிப்படும். நெசவில் இப்படி ஒரு முறை இருக்கும்போல என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் அந்த இருட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். ராட்டையின் முனகலும் தறியின் ‘தட் தட்’டும் கூடத்துக்கு வரும். உள்ளே வராதே என்று போர்டு மாட்டுவதற்குப் பதிலாகத்தான் விளக்கைக் கழற்றியிருக்கிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

வாரா வாரம் நூற்பு வகுப்புக்குப் போவாள். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கூப்பிட, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கோத்துக்கொண்டு கிளம்புவார்கள். டீச்சரிடம் ஓயாத பேச்சு, சிரிப்பு. ‘ஊராரிடம் பேசுகிற வாய்க்கு என்னிடம் மட்டும் பூட்டா’ என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது மட்டும் மரத்துப்போன இடத்தில் சுருக்கென்று ஏதோ குத்தும்.

இப்படியே விட்டால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் என்றாகிவிடும். அவருக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்த வகுப்பன்று கடையை மத்தியானமே பூட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விளக்கை எடுத்தார். யார் எவ்வளவு கேட்டும் அவர் விற்க மறுத்த விளக்கு அது. ஏணி போட்டு ஏறி, தறிக்கு நேர் மேலே தன் கையாலேயே மாட்டினார். கீழே விழுந்த சுண்ணாம்பையும் தானே பெருக்கினார். வேலையாள் இல்லாமல் வீட்டில் அவர் செய்த வேலை இது ஒன்றுதான்.

மனைவியை டீச்சர் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். மனைவி நேராக அறைக்குள் போய்த் தறியின் முன்னால் உட்கார்ந்தாள். கை அலமாரிக்குப் போய், ஒரு நூல்கண்டின் நுனியைத் தடவி, வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. தட் தட் என்று சத்தம் ஆரம்பித்தது.

ஸ்விட்சுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அடித்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. திட்டுவாளோ சிரிப்பாளோ, எதுவானாலும் சரி, ஒரு வார்த்தை வந்தால் போதும்.

ஸ்விட்சைத் தட்டினார். அறை முழுக்க வெளிச்சம் கொட்டியது. பாதி நெய்த துணியில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பளிச்சென்று எழுந்து நின்றன. இவ்வளவு அழகாக நெய்கிறாளா என்று அவரே அசந்துபோனார்.

அவள் நிமிரவேயில்லை. தறி ஓடிக்கொண்டேயிருந்தது.

“என்னம்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற? அவ்வளவு கோபமா எம்மேல?” என்று கேட்டார்.

தறி நின்றது. “கோபமா? எதுக்குக் கோபம்?”

“சரி, கொஞ்சம் மேலயாவது பாரேன்.”

அவள் முகத்தைத் தூக்கினாள். விளக்கு நேராக முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்காமல், இமைக்காமல், அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“லைட்டு எரியுதாங்க?”