ஆதரவா, எதிர்ப்பா, வீட்டுக்காரரே?

"நழுவாதீங்க வீட்டுக்காரரே! அந்த வர்த்தக ஒப்பந்தத்துக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா? ஒரே வார்த்தை!"

தெசாங்கா கேட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் லியூபிஷா ஒரு கரண்டி இனிப்புக் கோதுமையை அவள் முன்னால் நீட்டினார்.

"முதல்ல புனிதருக்கு மரியாதை அக்கா. அப்புறம் அரசியல்."

அக்ரூட் போட்டு வேகவைத்த கோதுமை. மெல்லாமல் பேச முடியாது. தெசாங்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மென்றாள்.

புனித நிக்கோலா நாள். செர்பியாவில் பாதிப் பேர் வீட்டில் குடும்பப் பெருநாள். தெசாங்காவும் நாத்தனார் ராதொய்காவும் இருட்டோடு மலையிலிருந்து இறங்கி, இரண்டு பேருந்து மாறி இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். நாளைக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஒப்பந்தம் நிறைவேறினால் கடல் தாண்டி வரும் ராஸ்பெர்ரிக்கு வரி கிடையாது. பிறகு தெசாங்காவின் பழத்தை எவன் வாங்குவான்? இருபது வருஷத் தோட்டத்தைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். குனிந்து பறித்தே வளைந்துபோன முதுகு, இனி வேறு வேலைக்கு நிமிராது.

இந்த ஊர் நாடாளுமன்ற உறுப்பினரோ, ஆளுக்கல்லாமல் கட்சிக்கு விழுந்த ஓட்டில், கட்சிப் பட்டியலிலிருந்து உள்ளே போனவர். ஓட்டுப் போட்டவர்களே முகத்தைப் பார்த்ததில்லை. அவர் எங்கே என்று கேட்டதற்குப் பேருந்து நிலையத்து ரொட்டிக் கடைக்காரிதான், "இன்னைக்கா? பச்சைக் கதவு வீட்ல பெருநாளாச்சே, அங்கதான் இருப்பார்" என்று வழி காட்டினாள்.

நல்லதாகப் போயிற்று. பெருநாளுக்கு அழைப்பு தேவையில்லை. வந்தவரை யாரென்று கேட்கிற வழக்கமும் இல்லை. வீட்டுக்காரர் அன்று முழுக்க நின்றுகொண்டே பரிமாற வேண்டும். உட்காரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. ஒரு மனுஷனை மடக்க இதைவிடத் தோதான நாள் ஏது?

"மென்னாச்சு. சொல்லுங்க!"

"மீன் ஆறுதே அக்கா!" லியூபிஷா அவள் தட்டை நிரப்பிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினார்.

"பாத்தீங்களா அண்ணி," ராதொய்கா காதைக் கடித்தாள். "ஒரு கேள்விக்குக் கோதுமை, ஒரு கேள்விக்கு மீன். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா நமக்கு வயிறு வெடிச்சிடும்."

எதிரில் ஒரு பருத்த விருந்தாளி. பிளம் சாராயத்தில் கன்னம் இரண்டும் பழுத்திருந்தன.

"விடாதீங்க அக்கா!" என்று அவர் மேசையைத் தட்டினார். "எழுதி வாங்குங்க! வாய்ப்பேச்சை நம்பவே நம்பாதீங்க!"

அவர் அப்படிச் சொன்னதற்குச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யோசனை தெசாங்காவுக்குப் பிடித்துவிட்டது. ஒரு தாளில், 'நான் இந்த ஒப்பந்தத்தை எதிர்க்கிறேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். நேரே போய்ச் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையிலும் தட்டுகளோடு வந்த லியூபிஷா மாட்டிக்கொண்டார்.

"எதிர்ப்புதான் தாயே! நான் எதிர்ப்பு, என் பொண்டாட்டி எதிர்ப்பு, இந்தத் தட்டுல இருக்கிற மீன்கூட எதிர்ப்பு! வழியை விடுங்க, கை சுடுது!"

"கையெழுத்து!"

ராதொய்கா முதுகைக் காட்டிக் குனிந்தாள். லியூபிஷா தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, அந்த முதுகின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீடே கைதட்டியது. ராதொய்கா ஊர் வழக்கப்படி அவர் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள்.

"என்னோடது மட்டும் போதுமா?" லியூபிஷா சிரிப்பில் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு பருத்தவரைக் காட்டினார். "அவர்கிட்டயும் வாங்குங்க!"

பருத்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "நானா? நான் எதுக்கு...?"

"ஏன், எங்க பழம் கசக்குதா?" ராதொய்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். "ஊரை உசுப்பிவிட்டுட்டு உக்காந்து மீன் திங்கறதா? போடுங்க!"

"போடு! போடு!" மேசைகள் அதிர்ந்தன.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கேயும் மறித்தபடி தெசாங்கா. மிச்சச் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தாளில் ஏதோ கிறுக்கினார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, கேக் வரும்வரைகூட இல்லாமல் ஓடிப்போனார்.

"ஐயோ பாவம், கூச்சக்காரர்," என்றாள் ராதொய்கா.

தெசாங்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "வீட்டுக்காரரே, நாளைக்கு நாடாளுமன்றத்துல இதையே சத்தமாச் சொல்லிடணும். மலை முழுக்க டிவி முன்னாடி உக்காந்திருப்போம்!"

"நாடாளுமன்றத்துலயா? நானா?" லியூபிஷா வாயைப் பிளந்தார். "அக்கா, நான் குழாய் ரிப்பேர் பண்றவன். நாளைக்கு அங்க ஓட்டுப் போடப்போறவர், உங்ககூட வந்தவங்க இப்பக் காலரைப் பிடிச்சுத் தூக்கினாங்களே, அவர்தான். தாளைப் பாருங்க, பழக்கதோஷத்துல பேருக்குக் கீழ பதவியையும் எழுதிட்டுப் போயிருக்கார்!"