அகப்பையைப் போட்டுவிட்டு ஓடியவள்

கென்யாவில் ஒரு குழந்தைகள் மையத்துச் சமையலறையில் ஒகோலா கால் வைத்ததும், அவினோ என்ற பெண்ணின் அம்மாவான சமையல்காரி அகப்பையைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள். திங்கட்கிழமையிலிருந்து இதே கூத்து.

போன வாரம்வரை, "இன்னொரு கிண்ணம் குடிடா மகனே" என்று கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி ஊற்றிக் கொடுத்தவள். கூலி வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வந்தவனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. நேராகப் பொறுப்பாளர் பெரஸிடம் போய் நின்றான்.

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? என் மூஞ்சியைப் பாத்தாலே அவங்க ஓடுறாங்க. கஞ்சியக்கூடப் பிள்ளைங்ககிட்டதான் குடுத்தனுப்புறாங்க. பிடிக்கலைன்னா சொல்லச் சொல்லுங்க, நாளைக்கே கிசுமுவுக்கு வண்டி ஏறிடுறேன்."

பெரஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னா அவ மூஞ்சிக்கு நேராத் திட்டியிருப்பாளே! ஏம்ப்பா, நம்ம ஊருப் பொம்பள யாரு முன்னால வந்து நிக்கமாட்டா?"

"மருமகன் முன்னால..."

சொல்லி முடிப்பதற்குள் ஒகோலாவுக்கு வியர்த்துவிட்டது.

"ஐயோ அக்கா! அவினோகிட்ட நான் இன்னும் வாயே திறக்கலையே!"

"நீ திறக்கிறவரைக்கும் காத்திருந்தா கிழவியாயிடுவேன்னு, அவ ஞாயித்துக்கிழமையே அம்மாகிட்டச் சொல்லிட்டா!"