வடியாத தண்ணீர்

கனடாவின் பிக்கரிங் நகரில், மகிந்தன் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. "உமக்கு உது விளங்காது, தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு மகிந்தன் வேலைக்குப் போனான். உடனே அவன் மனைவி வதனி, முன்பு அதே மெஷினைப் பயன்படுத்திய தர்ஷினிக்குப் போன் எடுத்தாள்.

"பிளக்கைக் கழட்டிப்போட்டன் அக்கா."

"இனிக் கீழ்மூடியைத் திறந்து, தட்டு ஒண்டு வைச்சிட்டு, ஃபில்டரை மெல்லத் திருகும்."

தண்ணீர் கொட்டியது. ஃபில்டரில் மூன்று நாணயங்கள் சிக்கியிருந்தன.

"உம்மட மனுசன் பொக்கற்றைப் பாக்காமல் போட்டிருப்பார். கழுவிப் பூட்டும், ஓடும்."

ஓடியது. வதனிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நானே திருத்திப்போட்டன் அக்கா! இனி அவரையும் இப்பிடித் திருத்தவேணும்."

தர்ஷினி சிரித்தாள்.

"அது எனக்குத் தெரிஞ்சிருந்தால், நான் மகிந்தனை விவாகரத்துச் செய்திருக்கமாட்டனே!"