முன்வாசல்

"நீங்க இந்த வழியாப் போகக்கூடாது சார்."

தலைமையாசிரியர் ஆஷ்வெல் கையை நீட்டி மறித்தார். கிழவர் ரேவிக்குக் காது மடல் சிவந்தது.

பள்ளிக்கு நூறாவது ஆண்டு விழா. பேச்செல்லாம் முடிந்து பழைய மாணவர்கள் முன்வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ரேவியை மட்டும் நிறுத்துகிறார்.

அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆனால் அந்த முன்வாசலுக்கு இருக்கிற பெருமை அரண்மனைக்குக்கூட இருக்காது. சேரும் நாளில் பையன் அதன் வழியே உள்ளே வருவான். படிப்பை முடித்த நாளில் அதன் வழியே வெளியே போவான். நடுவில் எப்போதும் பக்கவாட்டுக் கதவுதான். மழை கொட்டினாலும் சரி, நிலம் நடுங்கினாலும் சரி.

ரேவி உள்ளே வந்தவர். வெளியே போகாதவர். ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் அப்பாவின் முதுகு முறிந்தபோது ரேவிக்கு வயது பதினைந்து. அப்பா நின்ற இடத்தில் இவர் கத்தி பிடிக்க வேண்டியதாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தவரை லத்தீன் வாத்தியார் தடுத்தார்.

"இது முடிச்சவனுக்கு. நீ சைக்கிள் கொட்டகைப் பக்கமாப் போ."

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த வாத்தியார் செத்த சேதி வந்தபோதுகூட ரேவி தொப்பியைக் கழற்றவில்லை.

"என்னடா ரேவி, இன்னிக்கும் கொட்டகைப் பக்கம்தானா?" ஆக்லாந்தில் வக்கீலாக இருக்கும் கிளைவ், கூடப் படித்தவன், கண்ணடித்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனான்.

"பாத்தீங்களா? இவனெல்லாம் போறான். நான் போனா வாசல் இடிஞ்சிடுமா?"

"பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு சார்."

"தெரியும்யா உங்க வழக்கம்! என்னைக் கொட்டகைப் பக்கம் விரட்டின கதையைத்தானே காலையில டீ வரிசையில ஊருக்கே சொல்லிட்டிருந்தேன்!"

"கேட்டேன் சார். நானும் அந்த வரிசையிலதான் நின்னேன்."

மனைவி ஹுயா, கையில் பாதி கடித்த கேக்கோடு ரேவியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வா கிழவா. கொட்டகைப் பக்கம் போனா கார் கிட்டதான். ரோஷத்தைப் பாத்தா முட்டி தாங்காது."

"நீ சும்மா இரு! வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, வாசல்ல வெச்சு மானத்தை வாங்கறாங்க. நான் வெட்டின ஆட்டைத் தின்னுதானே இவனுங்க எல்லாம் வக்கீலானாங்க?"

கூட்டம் வடிந்தது. கடைசியில் அவர்கள் மூவர்தான் மிச்சம். ஆஷ்வெல் கையை எடுக்கவில்லை. வெளியே எட்டி எட்டிப் பார்த்தார்.

"தள்ளுங்க. முடிக்காதவன்தான், ஆனா இன்னிக்கு இப்படித்தான் போவேன்!" ரேவி அந்தக் கையைத் தோளால் நெட்டினார்.

அப்போது வெளியே ஒற்றைக் குரல் உறுமியது. அடுத்த நொடி நூற்றுக்கணக்கான கைகள் தொடையில் அறைந்தன. கால்கள் தரையை மிதித்தன. கதவுக் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது.

ஹாக்கா! நியூசிலாந்தில் பெரிய மரியாதைக்குரியவருக்கு ஆடும் மாவோரி ஆட்டம்.

படியிலிருந்து கொடிமரம் வரை இரண்டு பக்கமும் பள்ளிப் பையன்கள். நடுவில் பாதை காலியாகக் கிடந்தது. கிளைவும் மற்றவர்களும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"யாருக்கு?" ரேவி ஆஷ்வெலைத் திரும்பிப் பார்த்தார்.

ஹுயா புரிந்துகொண்டாள். கேக்கை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு அவர் காலரை இழுத்துச் சரி செய்தாள். "சட்டையை உள்ள விடு கிழவா. பசங்க பாக்கறாங்க."

ஆஷ்வெல் கையை எடுத்தார்.

"அவங்க எல்லாம் எப்பவோ முறையாப் போனவங்க, கும்பலாப் போகலாம். நீங்க இன்னும் எங்க பையன்தான் சார். கடைசி நாள் போற பையன் தனியாத்தான் போகணும்."